ஜீப்பின் முள் பொய் சொன்ன கதை: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பல் கணக்கு

டிஸ்கி: நான் மெக்கானிக்கல் மாணவன் இல்லை, பி.காம். படிக்கிறேன். ஸ்பானரைவிட கால்குலேட்டர்தான் கைக்குப் பழக்கம். அதனால் கீழே வருவதை ஒரு கணக்குப்பிள்ளை எழுதிய வண்டிச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் :-)

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் படத்தை நெட்டில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை மடக்கி, கதவே இல்லாமல், பின்னால் ஒரு ஸ்டெப்னி தொங்கும். அந்த டேஷ்போர்டில் வலது பக்கம் சின்னச் சின்னத் தகடுகள் திருகியிருக்கும். அதில் ஒன்றில் எந்த கியரில் அதிகபட்சம் எத்தனை மைல் வேகம் போகலாம் என்று அச்சடித்திருப்பார்கள். சாதாரண ஓட்டத்துக்கு மூன்றாம் கியரில் 65, இரண்டாம் கியரில் 41, முதல் கியரில் 24. சேற்றுக்கும் மேட்டுக்கும் போடும் ‘லோ’ கியரில் அதே வரிசையில் 33, 21, 12.

பார்த்தால் ஏதோ ராணுவ உத்தரவு மாதிரி இருக்கும். கால்குலேட்டரை எடுத்து 65-ஐ 1.564-ஆல் வகுத்துப் பாருங்கள், 41.56 வரும். 2.665-ஆல் வகுத்தால் 24.39. 1.97-ஆல் வகுத்தால் சரியாக 33. இந்த 1.564, 2.665 இரண்டும் அந்த ஜீப்பின் கியர் பாக்ஸில் இரண்டாம், முதல் கியர்களின் விகிதங்கள். 1.97 என்பது லோ கியரின் விகிதம். ஆக அந்தத் தகட்டில் இருப்பது ஆறு கட்டளைகள் அல்ல, ஒரே ஒரு எண்தான். இஞ்சின் இதற்கு மேல் சுற்றக்கூடாது என்ற அந்த ஒரே எண்ணை ஆறு விதமாகப் பெருக்கி வகுத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த எண் என்ன என்றும் கண்டுபிடித்துவிடலாம். ஜீப்பின் பின் அச்சில் கிரவுன் வீலுக்கு 39 பல், அதைச் சுற்றும் பினியனுக்கு 8 பல். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875, புத்தகங்களில் 4.88 என்று போடுவார்கள். சக்கரம் ஒரு முறை சுற்ற, உள்ளே போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.88 முறை சுற்ற வேண்டும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் உருளும். 65 மைல் என்பது கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர். போட்டுப் பார்த்தால் இஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3900 சுற்று. அந்த இஞ்சின் தன் முழு 60 குதிரைத்திறனைக் கொடுப்பது 4000 சுற்றில். அதற்கு ஒரு நூல் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். 1941-ல் ஒரு சிப்பாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை, முள்ளைப் பார்த்தால் போதும். ஆனால் முள் உண்மை சொல்ல வேண்டும். இந்தப் பதிவே அந்த முள்ளைப் பற்றியதுதான்.

நம்மில் பலர் ஸ்பீடாமீட்டர் வேகத்தை அளக்கிறது என்று நினைக்கிறோம். அளக்கவில்லை. அது ஒரு தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. மிச்சமெல்லாம் நம்பிக்கை. ‘இந்த வண்டியில் இந்த அச்சு, இந்த டயர்தான் இருக்கிறது’ என்று தொழிற்சாலையில் யாரோ வைத்த நம்பிக்கை.

இந்த விவகாரம் புதிதும் அல்ல. ரோமாபுரியில் விட்ரூவியஸ் என்ற கட்டடக் கலைஞர் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே தன் புத்தகத்தில் ஒரு தூரமானி வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி போகும், 400 சுற்றுக்கு 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். 400 சுற்று முடிந்ததும் பல்சக்கரம் ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் டங் என்று போடும். மாலையில் கல்லை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். இப்போது யாராவது குறும்புக்காரன் நாலடிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நாலரை அடிச் சக்கரம் மாட்டினால்? கல் அதே வேகத்தில் விழாது, கணக்கு குறையும். ரோமாபுரியில் இருந்த அதே ஓட்டை போடிநாயக்கனூரிலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேகத்தைக் காட்டும் முள் கார்களில் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான். ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்ஸே என்பவர் 1902-ல் சுழல் மின்னோட்டத்தை வைத்து வேகமானிக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் வார்னர் என்பவர் லேத் பட்டறையில் வெட்டும் வேகத்தை அளக்கச் செய்த கருவியைக் காருக்கு மாற்றினார். தத்துவம் ரொம்ப எளிது. கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே டயலுக்கு வருகிறது. அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதன் மேல் கவிழ்த்த ஒரு அலுமினியக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில்தான் முள் மாட்டியிருக்கிறது. காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் மின்னோட்டம் தோன்றி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள் வில் ‘போகாதே’ என்று பின்னால் பிடிக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தம் வருஷக்கணக்கில் வலு குறைந்தால் முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கேபிளில் கிரீஸ் வற்றினால் முள் பரதநாட்டியம் ஆடும்.

ஆனால் அதே டயலில் கிலோமீட்டர் ஓடும் எண் சக்கரங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவை கேபிளோடு பல்லுக்குப் பல் நேராகக் கோர்த்தவை. கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆக ஒரே டப்பாவுக்குள் இரண்டு சாட்சிகள். ஒருவர் கூட்டாளியின் பேச்சுக்கு ஆடக்கூடியவர், மற்றவர் எண்ணியதை எண்ணியபடி சொல்பவர். இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கிலோமீட்டர் எண் சரி, முள் மட்டும் தப்பு என்றால் கோளாறு டயலுக்குள். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் டயல் நிரபராதி, கோளாறு கீழே அச்சிலோ டயரிலோ கேபிளைச் சுற்றும் பல்லிலோ. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம்.

அமெரிக்க வண்டிகளில் மைலுக்குக் கேபிள் 1000 சுற்று என்பது பொதுவான கணக்கு. 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு மைல், அதாவது கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று. எவ்வளவு வசதி பாருங்கள். பிரிட்டிஷ்காரர்களின் ஸ்மித்ஸ் மீட்டரில் ஒவ்வொரு கார் மாடலுக்கும் ஒரு எண் மாறும், அதை டயலின் அடியிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பழைய கார் வாங்குபவர்கள் அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், டயலை யாராவது வேறு வண்டியிலிருந்து மாற்றியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவுக்கு வருவோம். மஹிந்திரா கம்பெனி 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கியது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. மும்பையில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்யவும் ஆரம்பித்தார்கள். சி.ஜே.-3பி என்ற உயரமான பானெட் வைத்த ஜீப்பை அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரைதான் செய்தார்கள், நம் ஊரில் அதன் பேரன் பேத்திகள் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தார்கள். போர்க்கால ஜீப்பில் 4.88 இருந்த இடத்தில் இந்த சிவில் ஜீப்புகளில் 5.38 அச்சு வந்தது. 43 பல்லுக்கு 8 பல். கியர் பாக்ஸும் மாறி முதல் கியர் 2.798 ஆயிற்று. உழவும் சுமக்கவும் ஆன வண்டி என்று விற்றார்கள், வேகம் குறைந்தாலும் இழுவை வேண்டும் அல்லவா.

இடையில் மைலும் போயிற்று. 1956-ல் அளவைகள் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் முறை அமலானது. சாலையோரக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறின. மீட்டர்களும் மாறின. நாம் மட்டும் இன்னும் ‘மைல் கல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊருக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு ஜீப்புக்கு முந்தையது. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு விசித்திரமான ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில், மறுபக்கம் சமநிலைக்கு ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில், இழுத்தது மாடு. 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் என்று இன்று செல்ஃபி எடுக்கிறோமே, அந்த ‘ஸ்டேஷன்’ அதுதான். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்து நின்றது. அந்தப் பன்னிரண்டரை வருஷம் தண்டவாளத்தில் முள்ளுச்செடி முளைத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ரயில் போடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மலை. முந்தல் தாண்டியதும் ஏற ஆரம்பித்து, 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1000 மீட்டர் உயரம் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். தோட்டம் அங்கே, தோட்டத்தில் குனிந்து காய் எடுக்கும் கைகள் இங்கே. விடிவதற்கு முன்னே தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வரும். எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறதோ அதை யாரும் படிப்பதில்லை. மாலை இருட்டியதும் அதே ஜீப் அதே 17 வளைவில் இறங்கும். ஜீப் கவிழ்ந்த செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வரும், நாலு நாள் செக்போஸ்ட்டில் கெடுபிடி இருக்கும், ஐந்தாம் நாள் பழைய குருடி.

அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வண்டி ஓட்ட முடியாது. ஏறின கியரில் இறங்கு என்பதுதான் பழைய டிரைவர்களின் வேதம். இஞ்சின்தான் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும், பிரேக் டிரம் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. இஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பதை முடிவு செய்வது கியரும் அச்சின் பல் எண்ணிக்கையும். 5.38 அச்சில் இரண்டாம் கியரில் இஞ்சின் 2000 சுற்றில் இருந்தால் வண்டி சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4.88 போட்டால் அதே இஞ்சின் சத்தத்தில் 35. மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பழகின டிரைவர் காதால் ஓட்டுபவர், சத்தம் அதே சத்தம், வளைவு மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். நம் மெட்ராஸிலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல் இருந்து வண்டலூரில் ஹெரால்டு கார் செய்தது. தாத்தா காலத்து டாக்டர்கள் வைத்திருந்த அதே ஹெரால்டுதான். இங்கிலாந்தில் அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வந்தது. அதன் சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதாவது நம் டாக்டர் காரும் அந்த ஸ்டைல் காரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். 948 சி.சி. ஹெரால்டின் பின் அச்சு 4.875. நம் போர்க்கால ஜீப்பின் அதே விகிதம்! ஸ்பிட்ஃபயருக்கு 4.11. சாமான் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் ஹெரால்டில் 4.11 அச்சைப் போட்டு நெடுஞ்சாலையில் இஞ்சின் கத்தாமல் ஓட்டுவது அந்தக் கார் ரசிகர்களின் பழைய தந்திரம். போட்டுவிட்டு மீட்டரை மறந்துவிட்டால் 4.11-ஐ 4.875-ஆல் வகுக்க வேண்டியதுதான், 0.843. உண்மையில் நூறில் போகும்போது முள் 84 காட்டும். காருக்கு வேகம் வந்திருக்கும், டயலுக்குத் தெரியாது.

பந்தயக்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஸ்பீடாமீட்டரையே கழற்றிவிடுவார்கள். போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்திலிருந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் இதுதான் வழக்கம். அவர்கள் பார்ப்பது இஞ்சின் சுற்று மட்டும். வேகம் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: இஞ்சின் சுற்றை கியர் விகிதத்தாலும் அச்சு விகிதத்தாலும் வகுத்து, டயர் உருளும் மீட்டரால் பெருக்கி, அறுபதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்கவும். பிளஸ் டூ பெயிலானவன்கூடப் போடலாம்.

சரி, இந்தக் கணக்கு எனக்கு எதற்கு வந்தது?

என் மாமா ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரிப். எட்டு மாதத்துக்கு முன் பின் அச்சில் கிரவுன்-பினியன் பல் உடைந்தது. பட்டறையில் புதுசுக்குச் சொன்ன விலையைக் கேட்டு மாமா மயங்கி, பழைய சாமான் கடையிலிருந்து முழு ஹவுசிங்காக ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். ‘அதே ஜீப்பு அச்சுதாண்ணே, சந்தேகமே வேணாம்’ என்றார்களாம். அதற்கப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டால் வண்டி முறுக்கிக்கொண்டு நின்றது. ‘முன் ஷாஃப்ட்ட கழட்டிப்புடுங்க, ரோட்டு வண்டிக்கு அது எதுக்கு’ என்று அதையும் கழற்றிவிட்டார்கள். அதே சமயத்தில் டயரும் மாற்றினார்கள். 6.00-16 கிடைக்கவில்லை என்று 7.00-16.

பிறகு ஆரம்பித்தது சண்டை. மாமாவின் நோட்டில் அதுவரை லிட்டருக்கு 11 கிலோமீட்டர் சொச்சம் வந்துகொண்டிருந்தது. அச்சு மாற்றிய பிறகு ஒன்பதரைக்கு இறங்கியது. வண்டி அதே வண்டி, ரோடு அதே ரோடு. அப்படியென்றால் டீசல் எங்கே போகிறது? மாமாவின் கண் டிரைவர் அண்ணன் மேல் விழுந்தது. பதினாறு வருஷமாக ஓட்டுபவர். மாமா நேரடியாக ‘திருடினாயா’ என்று கேட்கவில்லை, அதைவிட மோசமாக, பேட்டாவில் பிடிக்க ஆரம்பித்தார். அண்ணனும் எதுவும் பேசவில்லை, வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

அரையாண்டுக் கணக்கை எழுதித்தர மாமா என்னைக் கூப்பிட்டார். நோட்டைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. போடியிலிருந்து அதே தோட்டத்துக்குப் போய்வந்த டிரிப் தூரமும் எட்டு மாதத்துக்கு முன் சுருங்கியிருக்கிறது! மலை எப்படிச் சுருங்கும்? டீசல் செலவோ ஒரு டிரிப்புக்கு ஏறக்குறைய அதேதான். சுருங்கினது கிலோமீட்டர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் தேனி ரோட்டில் போனோம். செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் 10 கிலோமீட்டர். ஜீப் மீட்டரில் எட்டரை. திரும்பும்போது போனில் 60 வரும்படி சீராக ஓட்டச் சொன்னேன். முள் 51. முள்ளும் எண்ணும் ஒரே விகிதம், 0.85. இரண்டு சாட்சியும் ஒரே வாக்குமூலம், ஆக டயல் நிரபராதி.

அடுத்தது டயர். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி டேப் பிடித்தோம். 2.35 மீட்டர். பழைய 2.2-ஐ இதனால் வகுத்தால் 0.936. அதாவது டயர் மட்டும் காரணமென்றால் 10-க்கு 9.36 காட்டியிருக்க வேண்டும். இன்னும் யாரோ ஒருவர் திருடுகிறார்.

கியர் பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. இந்த ஜீப்புகளில் கேபிள் புறப்படும் இடம் கியர் பாக்ஸுக்கும் லோ கியருக்கும் பின்னால், பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில். எந்த கியரில் போனாலும், லோ-வில் ஊர்ந்தாலும், மீட்டர் பார்ப்பது புரொப்பல்லர் ஷாஃப்டின் சுற்றை மட்டும். ஆக மிச்சம் இருப்பது அந்த ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், அதாவது பழைய கடையிலிருந்து வந்த ஹவுசிங்.

அதைத் திறக்காமலே எண்ணலாம். நாலு பக்கமும் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்தோம். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்டையே பிடிக்கும். கல் வைக்காமல் இதைச் செய்தால் வண்டி உங்கள் மேல் ஏறும், ஜாக்கிரதை. ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றதை இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே கிரவுன் வீல் ஒரு சுற்று வரும். அதனால் சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் கிரவுன் 10. நான் சக்கரத்தைச் சுற்ற, அண்ணன் வண்டிக்கடியில் படுத்து ஷாஃப்டில் போட்ட சாக்பீஸ் கோட்டை எண்ணினார். 5.38 என்றால் 53-முக்கால் வர வேண்டும். அண்ணன் 48-ல் நிறுத்தி, ‘இன்னொரு சுத்துக்குக் கொஞ்சம் கம்மி தம்பி’ என்றார். 48-முக்கால். 39-க்கு 8. ஏதோ ஒரு பழைய ராணுவ வகை அச்சு எங்கள் மாமா வண்டிக்கடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

முன் அச்சில் இன்னும் 5.38. பின்னால் 4.88. இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் முறுக்காமல் என்ன செய்யும்? கோளாறு அன்றைக்கே கத்திச் சொல்லியிருக்கிறது, சொன்னவரின் ஷாஃப்டைக் கழற்றி வாயை அடைத்துவிட்டார்கள்.

4.88-ஐ 5.38-ஆல் வகுத்தால் 0.907. அதை டயரின் 0.936-ஆல் பெருக்கினால் 0.849. ரோட்டில் பார்த்தது 0.85. பி.காம். வாழ்க்கையில் டிரையல் பேலன்ஸ் இவ்வளவு அழகாக எனக்கு டேலி ஆனதில்லை.

மாமாவின் ஒன்பதரையை 0.849-ஆல் வகுத்தேன். 11.19. டீசல் ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை. ஆயில் மாற்ற வேண்டிய 5000 கிலோமீட்டர் உண்மையில் கிட்டத்தட்ட 5900. அதைவிட எனக்குப் பயம் தந்தது இறக்கக் கணக்கு. முள் 34 என்று காட்டும்போது வண்டி 40-ல் இறங்கியிருக்கிறது, பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, இஞ்சின் பிடிமானமும் குறைந்த நிலையில், எட்டு மாதம். ‘வண்டி வழுக்கற மாதிரி இருக்குன்னு சொன்னேன், யாரு கேட்டா’ என்றார் அண்ணன். சர்வதேச விதிகளில் (ஐ.நா.வின் 39-ஆம் ஒழுங்குமுறை) வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று இருக்கிறது. கூட்டிக் காட்டினால் மன்னிப்பு உண்டு, பத்து சதவீதமும் கூட நாலு கிலோமீட்டரும் வரை. எந்தப் பக்கம் தவறினால் ஆள் சாவான் என்று யோசித்துப் போட்ட விதி. நம் கார்களின் முள் போனைவிட இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டுவது அதனால்தான், கம்பெனிக்காரனைத் திட்டாதீர்கள்.

எங்கள் ஊர் ஏலக்காயை சல்லடையில் சலித்து ‘8 எம்.எம்.’ என்று மில்லிமீட்டரில் விலை பேசும் ஊர். ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுத்துப் பார்க்கும் ஊர். காய்க்கு இவ்வளவு அளவு பார்க்கிறவர்கள் ஆள் ஏற்றும் வண்டியின் அளவை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத பொருளாதாரம்.

சரி செய்ய வழிகள் உண்டு. கேபிளைச் சுற்றும் சின்னப் பினியனைப் பல் குறைத்து மாற்றலாம், மீட்டர் உண்மை சொல்லும். செலவும் குறைவு, மாமாவுக்குப் பிடித்த வழி. ஆனால் மீட்டர் திருந்தினாலும் இறக்கத்தில் இஞ்சின் பிடிமானம் திருந்தாது, முன் சக்கர இழுவையும் வராது. நான் நோட்டில் இரண்டு பத்தியும் போட்டுக் காட்டினேன். அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் மாமா அதிகம் பேரம் பேசவில்லை.

பிடித்த பேட்டாவை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘மொதல்ல ஹவுசிங்க மாத்துங்க மொதலாளி’ என்றார்.

இரண்டு வாரம் தேடி 43-க்கு 8 கிரவுன்-பினியன் ஒன்று கிடைத்தது. இந்தத் தடவை வாங்குவதற்கு முன் அண்ணனே கடையில் உட்கார்ந்து பல்லை எண்ணினாராம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். டயரும் 6.00-16-க்குத் திரும்பியது. முன் ஷாஃப்டைப் பூட்டியாயிற்று. தேனி ரோட்டில் மறுபடி போனோம், போனில் 10, மீட்டரில் 9.9. கேபிள் மட்டும் இன்னும் பழசு, 20-க்குக் கீழே முள் ஆடுகிறது. அடுத்த மாதம் மாற்றுவதாக மாமா சொல்லியிருக்கிறார்.